சைனீஸ் டிராமா: எந்த மார்க்கை நம்பலாம், எந்தச் சண்டையை விட்டு விலகலாம்

ஒரே டிராமா. ஒரு தளத்தில் 8.7 மார்க், இன்னொன்றில் 5.9. கீழே இறங்கிப் படித்தால் ஒருவர் "இதுபோல் ஒன்று வந்ததே இல்லை" என்கிறார், அடுத்தவர் "நாற்பது எபிசோடும் தண்டம்" என்கிறார். கொரியன் பக்கமிருந்து சைனீஸ் பக்கம் வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். கொரியன் தொடர் பெரும்பாலும் 16 எபிசோடுக்குள் முடிந்துவிடும். பிடிக்காவிட்டாலும் ஒரு வாரத்தோடு போகும். சைனீஸில் 36, 40, பழைய தொடர் என்றால் 70 கூட இருக்கும். பெரம்பூரிலோ கொருக்குப்பேட்டையிலோ வேலை, சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் முடித்து இரவு பத்து மணிக்குப் போனைக் கையில் எடுப்பவருக்கு, தப்பான தொடர் ஒன்று ஒரு மாதத்தைத் தின்றுவிடும். அதனால் மார்க்கைப் பார்த்து ஓடாமல், அதைப் போட்டவர் யார், எப்போது போட்டார், எதற்காகப் போட்டார் என்று பார்க்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் ஒரு தொடரைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் போதும்.

மார்க் வரும் மூன்று இடங்கள்

முதலாவது டோபான். 2005-இல் தொடங்கிய சீனத் தளம். உள்ளூர்ப் பார்வையாளர்கள் படம், தொடர், புத்தகம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் மார்க் போடுகிறார்கள். ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம். ஐந்து நட்சத்திரம் என்றால் 10, நான்கு என்றால் 8, மூன்று 6, இரண்டு 4, ஒன்று 2. பூஜ்யம் கிடையாது. போதுமான பேர் போட்ட பிறகுதான் மொத்த மார்க் வெளியே தெரியும். பொதுவாகக் கறாரான இடம் இது. 7 வாங்கினாலே அங்கே மரியாதை. 2015-இல் வந்த 'நிர்வாணா இன் ஃபயர்', 2023-இல் வந்த 'தி லாங் சீசன்' போன்றவை 9.4 வாங்கியிருக்கின்றன என்றால் அது சாதாரண விஷயமில்லை.

இரண்டாவது மைடிராமாலிஸ்ட். ஆங்கிலத்தில் எழுதும் வெளிநாட்டுப் பார்வையாளர்களின் இடம். பத்துக்கு எவ்வளவு என்று நேராகப் போடலாம், அரை மார்க்கும் உண்டு. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே போடலாம் என்பதுதான் இதில் சிக்கல். மூன்றாவது எபிசோடிலேயே பத்துக்குப் பத்து போட்டுவிட்டுப் போகிற ரசிகர்கள் ஏராளம். பெரும்பாலான தொடர்கள் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவிலேயே குவிந்து கிடக்கும். அதனால் அங்கே 8 என்பது நல்ல மார்க் இல்லை, சராசரி.

மூன்றாவது, தொடர்களை ஓடவிடும் ஐச்சியி போன்ற சீன ஸ்ட்ரீமிங் தளங்களே காட்டும் சூட்டு எண். ஐச்சியி நிறுவனம் 2018 செப்டம்பரில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் சூட்டு எண்ணை வைத்தது. பார்ப்பது, பேசுவது, பகிர்வது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 10,000-ஐத் தாண்டினால் ரசிகர்கள் கொண்டாடுவார்கள். 2023-இல் 'தி நாக்அவுட்' அப்படித் தாண்டியது. தொடர் நன்றாக இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது, பேசப்படுகிறது என்பதை மட்டும் சொல்லும். திட்டிப் பேசினாலும் சூடுதான். இதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஒரே 5.9, இரண்டு வேறு தொடர்கள்

டோபானில் மொத்த மார்க்குக்குப் பக்கத்தில் ஐந்து பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் எத்தனை சதவீதம் பேர் என்று காட்டும். பெரும்பாலானோர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் மொத்த மார்க்கைவிட இதுதான் பேசும்.

ஒரு தொடருக்கு ஐந்து நட்சத்திரம் 40 சதவீதம், நான்கு 5, மூன்று 5, இரண்டு 10, ஒன்று 40 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுங்கள்: 4.0, 0.4, 0.3, 0.4, 0.8. கூட்டினால் 5.9. இன்னொரு தொடருக்கு ஐந்து நட்சத்திரம் 5 சதவீதம், நான்கு 25, மூன்று 40, இரண்டு 20, ஒன்று 10. இங்கே 0.5, 2.0, 2.4, 0.8, 0.2. இதுவும் 5.9.

இரண்டாவது தொடர் உண்மையிலேயே சுமார். பார்த்தவர்கள் அமைதியாக "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் தொடரில் நடந்தது அடிதடி. நடுவில் ஆளே இல்லை. ஒரு கூட்டம் தூக்கி வைக்கிறது, இன்னொரு கூட்டம் போட்டு மிதிக்கிறது. அந்தத் தொடர் உங்களுக்கு மிகவும் பிடிக்கவும் கூடும், மார்க் அதைச் சொல்லப் போவதில்லை. பட்டை இரு முனையிலும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் மார்க்கை ஒதுக்கிவிட்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்களின் குறுவிமர்சனத்தை மட்டும் படியுங்கள். அந்த ஐந்து சதவீதம்தான் தொடரை ஒழுங்காகப் பார்த்தவர்கள்.

சீனம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மைடிராமாலிஸ்டில் தொடரின் பக்கத்தைத் திறந்தால் 'மூலத் தலைப்பு' என்ற இடத்தில் சீன எழுத்தில் பெயர் இருக்கும். அதை நகலெடுத்து டோபான் தேடலில் ஒட்டுங்கள். ஆங்கிலத் தலைப்பை வைத்துத் தேடினால் அதே பெயரில் வேறு படம் வந்து நிற்கும். பக்கம் திறந்ததும் குரோமில் மொழிபெயர்ப்பை அழுத்துங்கள். தமிழில் குழப்பமாக வந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அது தெளிவாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: இயந்திரம் ஆட்களின் பெயரையும் அர்த்தம் பார்த்து மொழிபெயர்த்துவிடும். வாக்கியத்துக்கு நடுவில் சம்பந்தமில்லாமல் மேகம், மரம், குதிரை என்று வந்தால் அது யாரோ ஒரு கதாபாத்திரம் என்று புரிந்துகொண்டு நகருங்கள்.

எப்போது எழுதியது என்று பாருங்கள்

சீனத் தொடர்கள் வாரம் ஒன்று என்று வருவதில்லை. வாரத்தில் பல நாள், நாளுக்கு ஒன்றோ இரண்டோ எபிசோட். பணம் கட்டிய உறுப்பினர்கள் மற்றவர்களுக்கு முன்னால் பார்ப்பார்கள். 2019 முதல் 2021 வரை, உறுப்பினர்களே மேலும் காசு கட்டி இன்னும் முன்னால் பார்க்கும் ஏற்பாடும் இருந்தது. 'ஜாய் ஆஃப் லைஃப்' முதல் பாகத்தின்போது, கட்டணம் கட்டிய ஒருவர் "நான் ஏற்கெனவே உறுப்பினர்தானே, மறுபடி ஏன் காசு?" என்று வழக்குப் போட்டு, 2020-இல் பெய்ஜிங் இணைய நீதிமன்றத்தில் வென்றார். 2021 அக்டோபரில் பெரிய தளங்கள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டன. இதனால் ஒரே நாளில் எழுதப்பட்ட இரண்டு கருத்துகளில் ஒருவர் 10-ஆவது எபிசோடிலும் மற்றவர் 18-ஆவதிலும் இருக்கக்கூடும். கருத்தை எடை போடுமுன் எழுதியவர் எதுவரை பார்த்திருக்கிறார் என்று தேடுங்கள். சொல்லவே இல்லை என்றால் அந்தக் கருத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் இரண்டு நாள் வரும் கருத்து நடிகருக்கானது. நடுவாரக் கருத்து காதல் ஜோடிக்கானது. முடிந்து இரண்டு வாரம் கழித்து எழுதப்படுவதுதான் தொடருக்கானது. அதனால் இன்று தொடங்கிய தொடரை இன்றே தேர்ந்தெடுக்காமல், முடிந்து பதினைந்து நாள் ஆன பிறகு மார்க் ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் முடிவு சொதப்பல். ஏறியிருந்தால் விஷயம் இருக்கிறது. 2019-இல் 'தி அன்டேம்டு' டோபானில் மிகக் குறைவாகத் தொடங்கி, ஓட ஓட ஏறி ஏழைத் தாண்டி நின்றது. முதல் இரண்டு எபிசோடில் கதை நடுவிலிருந்து தொடங்குவதால் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்னோக்கிப் போனதும் பிடித்துக்கொண்டது.

எந்தக் குறை உங்கள் குறை?

சைனீஸ் டிராமாவைப் பற்றிய புகார்கள் திரும்பத் திரும்ப நான்கைந்துதான். அவற்றில் எது உங்களைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"இழுவை" என்பது முதல் புகார். இதற்குக் காரணம் வியாபாரம். தொடரை எபிசோட் கணக்கில் விற்பதால், எண்ணிக்கை கூடினால் தயாரிப்பாளருக்கு வரவு கூடும். 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்புத் துறை, ஒரு தொடர் 40 எபிசோடைத் தாண்ட வேண்டாம், 30-க்குள் முடிப்பது நல்லது என்று அறிவுறுத்தியது. அதற்குப் பிறகு வந்த தொடர்களில் 36, 38, 40 என்று முடிவதை நிறையப் பார்ப்பீர்கள். சரியாக 40 என்று இருந்து, "இழுவை" என்ற புகாரும் இருந்தால் நம்பலாம். 28-இல் முடிய வேண்டிய கதையை இழுத்திருப்பார்கள். அதற்காக நீளமெல்லாம் இழுவை என்று நினைக்க வேண்டாம். 2011-இல் வந்த, அரண்மனைப் பெண்களின் போட்டியைச் சொல்லும் 'எம்ப்ரஸஸ் இன் தி பேலஸ்' 76 எபிசோட். அதில் ஒரு எபிசோடைத் தள்ளினாலும் பின்னால் யார் யாரை ஏன் கவிழ்த்தார்கள் என்று தெரியாமல் போகும்.

இழுவைத் தொடர்தான் பார்க்கப் போகிறோம் என்றால் வேகத்தை 1.25 வைக்கலாம், ஆனால் ஆங்கில சப்டைட்டிலை நிதானமாகப் படிப்பவருக்கு அது கட்டாது. இரண்டாவது ஜோடியின் காட்சிகளைத் தள்ளிவிடுவது அதைவிடச் சுலபம். காதல் தொடர்களில் அந்தக் கிளைக்கதை பெரும்பாலும் மூலக்கதையைத் தொடுவதில்லை. அரண்மனை, துப்பறியும் தொடர்களில் மட்டும் எதையும் தள்ளாதீர்கள்.

"குரல் ஒட்டவில்லை" என்ற புகாரைப் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம். ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள ஹெங்டியன் படப்பிடிப்பு நகரத்தில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் வேலை செய்யும். சத்தத்துக்கு நடுவே நேரடி ஒலிப்பதிவு கஷ்டம். தைவான், ஹாங்காங் நடிகர்களின் உச்சரிப்பும் வேறு. அதனால் பல தொடர்களில் குரல் கலைஞர்களே பேசுகிறார்கள். கதாநாயகிகளுக்கு வேறொருவர் குரல் கொடுத்தே பழகிய தமிழ்க் காதுக்கு இது ஒரு பொருட்டில்லை. சீனப் பார்வையாளருக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் ஐந்து தொடரில் ஒரே குரல் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"நாவலைக் கெடுத்துவிட்டார்கள்" என்பது புத்தகம் படித்தவர்களின் புகார். இணையத்தில் வந்த நாவல்களைத்தான் பெரும்பாலும் தொடராக்குகிறார்கள். 'தி அன்டேம்டு' தொடரின் மூல நாவலில் இரண்டு நாயகர்களும் காதலர்கள். தொடரில் அதை நட்பாக்கினார்கள். அங்கே ஆண்-ஆண் காதலைத் திரையில் நேராகக் காட்ட இயலாது. புத்தகம் படிக்காதவர் இந்தப் புகாரை ஒதுக்கலாம். ஆனால் ஒரு விமர்சனமாவது படித்துவிடுங்கள், ஏனென்றால் சில காட்சிகளில் கண் பேசுவதும் வாய் பேசாததும் ஏன் என்று அப்போதுதான் புரியும்.

"முடிவு சரியில்லை" என்பதை மட்டும் எப்போதும் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். 36 எபிசோட் ஒரு ஜோடியோடு இருந்துவிட்டு, கடைசி பத்து நிமிடத்தில் அவசர அவசரமாக முடிப்பதைப்போல் மனசு விட்டுப்போவது வேறொன்றும் இல்லை. ஷியன்ஷியா என்கிற தேவலோக மந்திரக் கதைகளில் இது அதிகம். யார் செத்தார்கள் என்று தெரியாமலே முடிவின் தரத்தை அறிய ஒரு வழி உண்டு: மைடிராமாலிஸ்டில் எபிசோட்வாரியாக மார்க் பார்க்கலாம். கடைசி இரண்டு எபிசோட் மற்றவற்றைவிடப் பளிச்சென்று குறைந்திருந்தால் எச்சரிக்கை.

ரசிகர் கூட்டம்: யார் யார், ஏன் சண்டை

ஒரே தொடருக்கு ஐந்து வகைக் கூட்டம் இருக்கும். ஒரே ஒரு நடிகருக்காக மட்டும் வருகிறவர்கள். இருவரையும் ஜோடியாகப் பார்க்கிறவர்கள். தொடருக்காகவே வருகிறவர்கள். நாவலுக்காக வருகிறவர்கள். எதிரிக் கூட்டம். முதல் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடுமையாக வெறுக்கும், வெளியாளுக்கு இது விளங்காது. ஜோடி ரசிகர்கள் இருவரையும் சேர்த்தே பேசுவார்கள். ஒற்றை நடிகர் ரசிகர்களுக்கு, தங்கள் ஆளின் பெயர் இன்னொருவரோடு ஒட்டிக்கொண்டே வருவது அவருடைய எதிர்காலத்துக்குக் கேடு. சுவரொட்டியில் யார் பெயர் முதலில், யார் முகம் பெரிது என்பதற்கே நாள்கணக்கில் சண்டை நடக்கும். அதன் பின்னால் விளம்பர ஒப்பந்தமும் அடுத்த தொடரின் நாயக வாய்ப்பும் இருக்கிறது. ரசிகர்கள் அதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சண்டை மார்க்கை நேராகத் தொட்ட கதை ஒன்று உண்டு. 2020 பிப்ரவரி 27 அன்று, நடிகர் ஷியாவ் ஜான் ரசிகர்களில் ஒரு பகுதியினர், அவரை வைத்து எழுதிய ஒரு கற்பனைக் கதை அவரை இழிவுபடுத்துகிறது என்று கூட்டமாகப் புகார் கொடுத்தார்கள். பிப்ரவரி 29-இல், ரசிகர் கதைகள் வெளியாகும் ஏஓ3 தளம் சீனாவில் முடக்கப்பட்டது. தங்கள் எழுத்து இடம் போன கோபத்தில் மற்ற வாசகர்கள், அவர் விளம்பரம் செய்த பொருள்களைப் புறக்கணித்தார்கள், அவர் நடித்தவற்றுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். இன்றும் சீன ரசிகர்கள் '227' என்று எண்ணாகச் சொன்னால் அதுதான். அந்தக் காலத்தில் விழுந்த ஒற்றை நட்சத்திரங்களுக்கும் நடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்த ஆண்டு, 2021 மே மாதம், ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் பால் பாட்டில் மூடிக்குள் இருந்த குறியை ஸ்கேன் செய்தால் ஓட்டு என்றார்கள். மூடிக்காகப் பாலை வாங்கிச் சாக்கடையில் கொட்டிய காணொளி வெளியானது. ஆகஸ்டில் சீன இணைய நிர்வாகத் துறை நட்சத்திரங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களுக்குத் தடை போட்டது, சிறுவர்கள் நடிகருக்காகப் பணம் செலவழிப்பதையும் தடுத்தது. பட்டியல் போனாலும் போட்டி போகவில்லை, சூட்டு எண்ணுக்கும் டோபான் மார்க்குக்கும் இடம் மாறியது.

நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சீன ரசிகர்கள் கூடும் சமூக வலைத்தளமான வெய்போ இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. அங்கே நடப்பது நமக்கு ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வரும், அதுவும் யாரோ ஆங்கிலத்தில் எழுதியதை இன்னொருவர் தமிழில் எழுதிய மூன்றாம் கை. "அந்த நடிகர் இவரைப் பற்றி இப்படிச் சொன்னாராம்" என்று ஒரு படம் வந்தால் மூன்றைப் பாருங்கள்: தேதி தெரிகிறதா, எழுதியது நடிகரின் சொந்தக் கணக்கா ரசிகர் கணக்கா, மொழிபெயர்த்தவர் யாருடைய ரசிகர். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். நடிகர்களின் சொந்த வாழ்க்கை பற்றிய செய்தி என்றால் மூன்றும் இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

காசுக்கு எழுதப்படும் கருத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. ஒரே வாக்கியம் சின்னச் சின்ன மாற்றத்தோடு பத்துக் கணக்கில் வரும். கதாபாத்திரத்தின் பெயர் இருக்காது, நடிகரின் பெயர் மட்டும் இருக்கும். குறிப்பிட்ட காட்சி எதுவும் இருக்காது. கணக்கைத் திறந்தால் அந்த ஒரே தொடருக்குத்தான் மார்க் போட்டிருப்பார்.

பெயரில் விழுந்துவிடாமல் இருக்க

"யார் யாருன்னே புரியல" என்று நான்காவது எபிசோடில் விட்டுவிட்டு இரண்டு மார்க் போடுகிறவர்கள் அதிகம். சரித்திரத் தொடரில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். 'தி அன்டேம்டு' நாயகன் வெய் யிங், வெளியாருக்கு வெய் வூஷியான், எதிரிகளுக்கு யிலிங் பெரியவர். அருள்மொழிவர்மன், ராஜராஜன், மும்முடிச் சோழன் மூவரும் ஒருவரே என்று நமக்குக் குழப்பம் வருகிறதா? வராது, பழக்கம். இங்கேயும் அதே. குடும்பப் பெயர்தான் முதலில் வரும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் குடும்பவாரியாகக் கட்டம் போட்டு, முதல் ஆறு எபிசோட் வரை எழுதுங்கள், பிறகு தேவைப்படாது. 'நிர்வாணா இன் ஃபயர்' 54 எபிசோட். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால் யார் இளவரசர், யார் தளபதி என்பதிலேயே பாதிப் பேர் இறங்கிவிடுகிறார்கள். ஆறாவது எபிசோட் தாண்டினால் நிறுத்த மனம் வராது.

முதல் தொடராக அதை எடுக்க வேண்டாம். 'ரீசெட்' எடுங்கள், 2022, 15 எபிசோட். வெடிக்கப் போகும் ஒரு பேருந்துக்குள் இருவர் திரும்பத் திரும்ப விழித்தெழும் கதை. 29சி பேருந்தில் தினமும் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு அதில் வரும் ஒவ்வொரு பயணியையும் தெரியும். குற்றக் கதை பிடித்தால் 'தி பேட் கிட்ஸ்', 2020, 12 எபிசோட். மென்மையான காதல் வேண்டுமென்றால் 'ஹிடன் லவ்', 2023, 25 எபிசோட். மந்திர உலகம் வேண்டுமென்றால் 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்', 2022, 36 எபிசோட்.

எங்கே பார்ப்பது: நெட்ஃபிளிக்ஸ், விக்கி என்ற ஆசியத் தொடர் தளம், தயாரிப்பு நிறுவனங்களின் சொந்த யூடியூப் சேனல்கள். வீடிவி, மேங்கோடிவி என்ற சீனத் தொடர் செயலிகளுக்கு 2020 நவம்பரில் இந்தியாவில் தடை விழுந்தது. டெலிகிராம் பிரதியில் காட்சி வெட்டியிருக்கும், சப்டைட்டில் இரண்டு நொடி தள்ளி வரும். அதைப் பார்த்துவிட்டு "குழப்பமான திரைக்கதை" என்று எழுதுவது தொடருக்குச் செய்யும் அநியாயம். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.7 ஜிபி போகும். நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் 45 நிமிட எபிசோட் இரண்டு பார்த்தால் வாட்ஸ்அப்புக்குக் கொஞ்சம் மிஞ்சும். மெட்ரோவில் பார்ப்பதாக இருந்தால் முந்தின இரவே இறக்கி வையுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரை பாதை பூமிக்கடியில், சிக்னலை நம்பி உட்கார முடியாது.

தமிழில் கருத்து எழுதும்போது

தமிழில் சைனீஸ் டிராமா பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. நீங்கள் எழுதும் நான்கு வரியை நம்பித்தான் இன்னொருவர் ஒரு மாதத்தைக் கொடுக்கப் போகிறார். "செம்ம, மிஸ் பண்ணிடாதீங்க" என்பதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் வரியில் எத்தனை எபிசோட் பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள், தமிழ்க் குரலிலா சப்டைட்டிலோடா என்று சொல்லிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு காட்சி. பிறகு எங்கே தொய்கிறது. கடைசியில் யாருக்குப் பிடிக்காது. யாருக்குப் பிடிக்கும் என்பதைவிட இது உதவும். ஒரு மாதிரி:

"ரீசெட், 15 எபிசோடும் பார்த்தேன், சப்டைட்டில். முதல் நான்கில் மூச்சு விட நேரமில்லை. பயணிகள் ஒவ்வொருவரின் வீட்டுக் கதையும் வரும்போதுதான் தொடர் உயர்கிறது. நடுவில் போலீஸ் விசாரணை கொஞ்சம் சுற்றிச் சுற்றி வருகிறது. காதல் வேண்டும் என்று வருகிறவருக்கு ஏமாற்றம்."

ஐந்து வாக்கியம். முடிவு வெளியே வரவில்லை, ஆனால் எடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிட்டது. யாராவது கீழே வந்து "எங்க ஹீரோவைக் குறை சொல்லாதே" என்றால், கதாபாத்திரத்தைப் பற்றியது மட்டும் என்று ஒரு முறை பதில் சொல்லுங்கள். இரண்டாம் முறை பதில் வேண்டாம். பதில் போடப் போட அந்தப் பதிவு மேலே வரும், இன்னும் பத்துப் பேர் வந்து சேர்வார்கள்.

நாலு பேர் சேர்ந்து பார்த்தால்

கொளத்தூர் அடுக்குமாடியிலோ தண்டையார்பேட்டை லைன் வீட்டிலோ ஐந்தாறு பேர் சேர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஞாயிறு மதியம், காசிமேட்டு மீன் குழம்புச் சாப்பாடு முடிந்த பிறகு, ஒரு தடவைக்கு இரண்டு எபிசோட். மூன்று வைத்தால் கடைசி ஒன்றில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அம்மா, பெரியம்மா கூட இருந்தால் தமிழ்க் குரல் உள்ள தொடராக எடுங்கள். அமேசான் எம்எக்ஸ் பிளேயரில் வெளிநாட்டுத் தொடர்கள் சிலவற்றுக்குத் தமிழ்க் குரல் கிடைக்கும். இல்லையென்றால் ஒருவர் சப்டைட்டிலைப் படித்துச் சொல்ல வேண்டும். படிப்பவர் எபிசோடுக்கு எபிசோட் மாறட்டும், ஒருவரே படித்தால் அவர் தொடரையே பார்க்க மாட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் எபிசோட் எண்ணை முதலில் போட்டு, பத்து வரி காலியாக விட்டு, அதன் பிறகு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். முன்னால் பார்த்துவிட்டவர் "வெய்ட் பண்ணுங்க, ஒன்னு இருக்கு" என்று சொல்வதும் கதையைச் சொல்வதுதான், அதையும் தடை செய்யுங்கள்.

தொடர் முடிந்த அன்று பேச்சைத் தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு துண்டுச் சீட்டில் மார்க் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவர் "மொக்கை" என்று முதலில் சொல்லிவிட்டால், எட்டு போட நினைத்த அக்கா ஆறு போட்டுவிடுவார். சீட்டைப் பிரித்து, அதிக மார்க் போட்டவரையும் குறைந்த மார்க் போட்டவரையும் முதலில் பேச விடுங்கள், நடுவில் உள்ளவர்கள் பிறகு. சராசரி எடுக்காதீர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரவர் மார்க்கை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வைத்தால், நான்கைந்து தொடர் முடிவதற்குள் யாருடைய ருசி உங்களோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த தொடருக்கு டோபானைத் திறப்பதற்கு முன் அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.